ஒன்றாம் இடமும் தசமப் புள்ளியும்: தொடக்க வகுப்பில் இடமதிப்பு கற்பித்தல்

1. வரையறை

ஓர் இலக்கம் தான் நிற்கும் இடத்தால் பெறும் மதிப்பு இடமதிப்பு. எங்கு நின்றாலும் மாறாதது முகமதிப்பு. வலப்புறம் ஓரிடம் நகர்ந்தால் இடமதிப்பு பத்தில் ஒரு பங்காகும். இவ்விதி ஒன்றாம் இடத்தைத் தாண்டியும் தொடர்வதால் பிறப்பதே தசம எண். புள்ளி, ஒன்றாம் இடம் எதுவென்று காட்டும் குறி மட்டுமே. பத்துக்கு இணை பத்தில் ஒன்று, நூறுக்கு இணை நூறில் ஒன்று. இவற்றின் நடுவே நிற்பது ஒன்று, புள்ளியன்று. 'ஒன்றில் ஒன்றாம் இடம்' ஏன் இல்லை என்று கேட்கும் குழந்தைக்கு விடை இதுவே.

2. பிழை வகைகள்

25 பெரிது என்பதால் 0.25 ஐ 0.3 ஐவிடப் பெரிதெனக் கொள்வது முழுவெண் மயக்கம். நூறில் ஒன்று சிறிது என்பதால் 0.45 ஐ 0.3 ஐவிடச் சிறிதெனக் கொள்வது பங்கு மயக்கம். 3.5 ரூபாயை மூன்று ரூபாய் ஐந்து பைசா என்று படிப்பது அலகு மயக்கம். மூன்றாவதே ஆழமானது என்பது நம் கருத்து. 3.50 என ஈரிலக்கமாக எழுதும்போது விடை சரியாக வந்துவிடுவதால் அது வெளியே தெரிவதில்லை.

3. காரணம்

செகந்திராபாத் மோண்டா மார்க்கெட்டில் மின்னணுத் தராசு 0.250 என்று காட்டுகிறது. கடைக்காரர் 'பாவு கிலோ' என்பார். அம்மா 'கால் கிலோ' என்பார். குழந்தை 'இருநூற்றைம்பது கிராம்' என்று படிக்கும். மூன்றும் சரி. ஆனால் இரண்டு பத்தில் ஒன்றுகள் எவர் வாயிலும் வருவதில்லை. புள்ளி, கிலோவுக்கும் கிராமுக்கும் இடையே வேலியாகிவிடுகிறது.

வேர் பழையது. அரை, கால், அரைக்கால், மாகாணி எனப் பாதிபாதியாகப் பிளந்தவையே பேச்சில் நிலைத்த நம் பின்னங்கள். பத்தில் ஒன்றுக்கு இருமா என்ற பெயர் இருந்தும் அது பேச்சில் நிலைக்கவில்லை. மாகாணி பதினாறில் ஒன்று, பழைய ரூபாயில் ஓரணா. ஹைதராபாத் நிஜாம் வெளியிட்ட ஹாலி சிக்கா ரூபாய்க்கும் 16 அணாவே. 1957 ஏப்ரல் 1 அன்று இந்திய ரூபாய் 100 நயா பைசாவானபோது நாலணா 25 ஆகப் பொருந்தியது; ஓரணாவோ 6.25. மாற்றுப் பட்டியல் ஓரணாவை 6 என்றும் மூன்றணாவை 19 என்றும் முழுமையாக்கியது. பாதிப் பிளவும் பத்துப் பிளவும் ஒட்டாத அந்த இடத்தில்தான் இன்றைய குழந்தையும் நிற்கிறது.

4. படிநிலைகள்

ஒரு மீட்டர் காகிதப் பட்டையைப் பத்துச் சமத் துண்டுகளாக மடிக்கச் சொல்லுவோம். பாதிபாதியாக மடிக்க மடிக்க இரண்டு, நான்கு, எட்டு வரும், பத்து வராது. அளந்துதான் வெட்ட வேண்டும். இத்தடுமாற்றத்தை ஆசிரியர் அவசரப்பட்டுத் தீர்த்துவைக்கலாகாது. பத்து என்பது நாம் தேர்ந்துகொண்ட பிளவு என்பது அங்கேதான் விளங்கும். பின் ஒவ்வொரு துண்டும் மீண்டும் பத்தாகும். பத்துத் துண்டுகள் திரும்பவும் ஒன்றாகும். இந்த இருவழிப் பரிமாற்றம் கைக்கு வந்த பிறகே எழுத்துக் குறி.

0.25 ஐ 'சுழியம் புள்ளி இரண்டு ஐந்து' என்றே படிக்க வேண்டும், 'இருபத்தைந்து' கூடாது. 0.25, 0.45 ஆகிய இரண்டின் துண்டுகளுக்கும் அருகில் 0.3 க்குரிய மூன்று துண்டுகளை வைத்தால் முதலிரு மயக்கங்களும் கண்முன்னே தீரும்.

பணமும் எடையும் கடைசியில் வரட்டும். அப்போது அதே தராசைக் காட்டி, 0.250 இன் இறுதிச் சுழியம் என்ன சொல்கிறது என்று கேட்கலாம். ஆயிரத்தில் ஒன்று தனியாக ஏதும் மிஞ்சவில்லை என்று குழந்தை சொன்னால், அது கிராமை மறந்து இடத்தைப் படித்திருக்கிறது.