மழித்த தலை, உதிர்ந்த தலை

கண்டி பஸ்ஸில ஏறினா, முன் சீட் மதகுருமாருக்கு. மழித்த தலையோட பிக்கு ஏறினதும் எழும்பி இடம் விடுறோம். அந்த மரியாதைக்கு நீண்ட வரலாறு. இலங்கையில் அற்றுப்போயிருந்த உபசம்பதா என்ற முழுத் துறவறத்தை, 1753இல் சியாமிலிருந்து வந்த உபாலி தேரர் மல்வத்தையில் மீட்டுத் தந்தார். அவரை வரவழைத்த அரசன் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன், தென்னிந்திய நாயக்கர் குடும்பத்தவர்.

அதே நகரத்தில், 25 வயசுல முடி கொட்டினவனுக்கு கந்தோரில் 'சொட்டை' என்று பட்டப்பேர். அதனால்தான் முடி நட்டுக்கொள்பவர்கள் பொய் சொல்லி லீவு எடுக்கிறார்கள்.

ஆனால் இந்தச் சிகிச்சை அழகுக்காக மட்டும் வந்ததில்லை. 1939இல் ஜப்பானிய மருத்துவர் ஷோஜி ஒகுடா, தழும்பால் முடியிழந்த இடங்களில் முடியுள்ள தோலைச் சிறு வட்டங்களாக எடுத்து நட்டதை எழுதினார். போர் வந்ததால் அது வெளியே பரவவில்லை. 1950களில் நியூயோர்க்கில் நோர்மன் ஓரன்ட்ரைக் வழுக்கைக்கு இதைச் செய்தார். பின்தலை முடி, இடம் மாறினாலும் தன் குணத்தை விடாது என்று 1959இல் விளக்கினார்.

நட்ட இடத்துப் பொருக்கு பொதுவா 10 நாள் அளவில் உதிரும். அடுத்த வாரங்களில் நட்ட முடியும் கொட்டும். வேர் உள்ளேயே இருக்கும். 3, 4 மாதத்தில் மறுபடி முளைக்கும். முழுசாத் தெரிய ஒரு வருசம் ஆகும்.

மேசை வேலைக்கு அவ்வளவு நாள் காத்திருக்கத் தேவையில்லை. பலர் சில நாளிலேயே திரும்பலாம். அவர்களைத் தடுப்பது பெரும்பாலும் காயமில்ல, நம்ம வாய்தான்.