ஒலிம்பிக்ஸுக்கு முன்னால் ஒரு சந்தை ஊர் டாக்டர்

நவீன ஒலிம்பிக்ஸின் தந்தை யார்?

போட்டித் தேர்வுக்குப் படிச்சவங்களை நடுராத்திரி எழுப்பிக் கேட்டாலும் பதில் வரும். பியர் டி கூபர்டின். பிரெஞ்சுப் பிரபு. 1896, ஏதென்ஸ். முழு மார்க் போட்டுக்கலாம்.

ஆனா அந்தக் கூபர்டினே 1890ல் எழுதிய ஒரு கட்டுரையில், ஒலிம்பிக் போட்டி இன்னும் உயிரோடு இருக்குன்னா அதுக்குக் காரணம் கிரேக்கர் யாரும் இல்லை, ஒரு ஆங்கிலேய டாக்டர் என்று சொல்லியிருக்கிறார்.

அந்த டாக்டரைப் பற்றியும் அவருடைய ஊரைப் பற்றியும் தான் இந்த த்ரெட். கொஞ்சம் நீளம். டீ எடுத்துட்டு வந்துடுங்க.

ஊரின் பெயர் மச் வென்லாக். இங்கிலாந்தின் மேற்குப் பக்கம், வேல்ஸ் எல்லையை ஒட்டிய ஷ்ராப்ஷயரில் இருக்கு. மக்கள்தொகை 3000க்கும் கம்மி. அங்கே இதை "மார்க்கெட் டவுன்" என்பார்கள். நம்ம பாஷையில் சந்தை ஊர். சுத்துப்பட்டு விவசாயிகள் தானியமும் ஆடும் மாடும் கொண்டு வந்து விற்று, உப்பு, துணி வாங்கி, அப்படியே கோர்ட் வேலையையும் முடிச்சுட்டுப் போகிற இடம்.

ரயிலில் நேரா போய் இறங்க முடியாது. 1862ல் ரயில் வந்தது, சரியா நூறு வருஷம் கழிச்சு 1962ல் பயணிகள் ரயில் நின்றது. இப்ப ஷ்ரூஸ்பரி வரைக்கும் ரயில், அங்கிருந்து பஸ் அல்லது கார்.

இறங்கினதும் கில்ட்ஹாலைப் பாருங்க. 1540ல் கட்டியது. கறுப்பு மரச்சட்டமும் வெள்ளைச் சுவருமாக இருக்கும். கீழ்த்தளம் சுவரே இல்லாமல் மரத்தூண்கள் மேல் நிற்கும், அங்கே தான் சந்தை கூடும். மேல்தளத்தில் கோர்ட். கீழே இருக்கிற தூண் ஒன்றில் இரும்பு வளையங்கள் இன்னும் இருக்கு. குற்றவாளியின் கையை அதில் மாட்டி சாட்டையால் அடிப்பாங்க. மேலே தீர்ப்பு, கீழே தண்டனை, பக்கத்திலேயே காய்கறி வியாபாரம்.

கொஞ்சம் தள்ளி பழைய மடத்தின் இடிபாடுகள். 7ஆம் நூற்றாண்டில் தொடங்கிய மடம். எட்டாம் ஹென்றி மடங்களை எல்லாம் மூடினப்போ இதுவும் 1540ல் மூடப்பட்டது. அதைப் பற்றி எழுதினா தனி த்ரெட் ஆகிடும். நாம டாக்டர் வீட்டுக்குப் போவோம்.

வில்லியம் பென்னி ப்ரூக்ஸ். பிறந்தது 1809, இதே ஊரில். (அதே வருஷம் பக்கத்து ஷ்ரூஸ்பரியில் சார்லஸ் டார்வின் பிறந்தார். அவரும் மருத்துவம் படிக்கப் போனார், பாதியில் ஓடி வந்துட்டார். நம்ம ஆள் முடிச்சார்.)

அப்பாவும் டாக்டர் தான். மகன் லண்டனில் படிச்சு, பாரிஸ், பதுவா என்று ஐரோப்பாவில் சுற்றிப் படிச்சுக்கிட்டு இருந்த காலத்தில், 1830ல், அப்பா டைஃபாய்டில் இறந்து போனார். 1831ல் ஊர் திரும்பிய ப்ரூக்ஸ் அப்பாவின் நோயாளிகளை அப்படியே எடுத்துக்கிட்டார். அதுக்கப்புறம் சாகும் வரைக்கும் அவருக்கு அந்த ஊர் தான்.

அவருடைய நோயாளிகள் யார்? பண்ணைக் கூலிகள், சுண்ணாம்புக்கல் குவாரியில் கல் உடைக்கிறவர்கள், அவர்கள் குடும்பங்கள். ஆன்டிபயாடிக் இல்லாத காலம். கிருமிதான் நோய்க்குக் காரணம் என்ற கொள்கையே இன்னும் நிலைபெறலை. ஒரு டாக்டர் கையில் இருந்த மருந்து எவ்வளவு வேலை செய்திருக்கும் என்று நீங்களே யோசிச்சுக்கோங்க.

இதோடு அவர் மாஜிஸ்திரேட்டாகவும் இருந்தார். மேலே சொன்ன கில்ட்ஹால் மாடியில் உட்கார்ந்து வழக்கு விசாரிப்பார். பகலில் நோயாளியாகப் பார்த்த ஆளையே, குடிச்சுட்டு தகராறு பண்ணின கேஸில் மறுபடி அங்கே பார்க்கணும். கேஷுவாலிட்டியில் சனிக்கிழமை ராத்திரி டியூட்டி பார்த்த எந்த டாக்டருக்கும் இது புரியும். தையல் போட்டு அனுப்பலாம். அடுத்த வாரம் அவர் திரும்ப வருவார்.

ப்ரூக்ஸ் முதலில் கை வச்சது புத்தகத்தில். 1841ல் விவசாயிகளும் தொழிலாளிகளும் புத்தகம் எடுத்துப் படிக்க ஒரு வாசிப்புச் சங்கம் தொடங்கினார். அதில் கலை, இசை, தாவரவியல் என்று ஒவ்வொரு வகுப்பா சேர்ந்தது. 1850ல் இன்னொரு வகுப்பு சேர்ந்தது. அதன் பெயர் "வென்லாக் ஒலிம்பியன் வகுப்பு".

அதன் நோக்கம், ஊர் மக்களுடைய, குறிப்பா உழைக்கிற வர்க்கத்துடைய, ஒழுக்கம், உடல், அறிவு மூன்றும் மேம்படணும். அதுக்கு வழி, திறந்த வெளியில் விளையாட்டு, வருஷா வருஷம் பரிசு.

முதல் போட்டி அக்டோபர் 1850ல் நடந்தது. ஓட்டம், தாண்டுதல், கிரிக்கெட், கால்பந்து, வளையம் எறிதல் எல்லாம் இருந்தது. ஏதோ கிரேக்கச் சிலை மாதிரி இறுக்கமான விழா என்று நினைச்சுடாதீங்க. ஆரம்ப வருஷங்களில் கண்ணைக் கட்டிக்கிட்டு தள்ளுவண்டி ஓட்டும் பந்தயம் இருந்தது. வயசான பெண்களுக்கு ஓட்டப் பந்தயம் கூட உண்டு, பரிசு ஒரு பவுண்டு டீத்தூள்! ஊரே பேண்டு வாத்தியத்தோடு ஊர்வலமா மைதானத்துக்குப் போகும். பிள்ளைகளுக்குக் கணக்கு, கையெழுத்துக்கும் பரிசு உண்டு.

எனக்கு ப்ரூக்ஸைப் பிடிச்ச இடமே இது தான். "நீ உடம்பைப் பார்த்துக்கோ" என்று சொல்லி அவர் நிறுத்தலை. நாமும் தினமும் ஓபியில் சொல்றோம், "தினம் அரை மணி நேரம் நடங்க." பேஷண்ட் தலையாட்டுவார். எங்கே நடப்பார், எப்போ நடப்பார், பன்னிரண்டு மணி நேர வேலை முடிச்சு வர்ற ஆளுக்கு நடக்க இடம் இருக்கா என்று நாம் கேட்பதில்லை, அடுத்த டோக்கன் வந்துடும். ப்ரூக்ஸ் இடத்தையும் நாளையும் பரிசையும் சேர்த்தே ஏற்பாடு பண்ணினார்.

இப்ப கதையின் முக்கியமான பகுதி.

1865ல் ப்ரூக்ஸ், லிவர்பூலின் ஜான் ஹல்லி, லண்டனின் ராவன்ஸ்டைன் எல்லாம் சேர்ந்து தேசிய ஒலிம்பியன் சங்கம் ஆரம்பிச்சாங்க. அடுத்த வருஷம் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் போட்டி. பத்தாயிரம் பேருக்கு மேல் கூட்டம். 440 கெஜம் தடை ஓட்டத்தில் ஜெயிச்சது யார் தெரியுமா? பதினெட்டு வயசு டபிள்யூ.ஜி. கிரேஸ். ஆமா, கிரிக்கெட் கிரேஸே தான். ஓவல் மைதானத்தில் சர்ரேக்கு எதிரா 224 அடிச்சுட்டு, மேட்ச் முடியறதுக்குள்ளே கேப்டனிடம் அனுமதி வாங்கிட்டு ஓட வந்தார்!

ப்ரூக்ஸ் கூட்டணியின் கொள்கை, போட்டி எல்லாருக்கும் திறந்திருக்கணும். இது லண்டனில் சிலருக்குப் பிடிக்கலை. ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜில் படிச்ச கனவான்கள் அதே காலத்தில் அமெச்சூர் அத்லெடிக் கிளப் என்று தனியா ஒன்று தொடங்கினாங்க. "அமெச்சூர்" என்றால் காசுக்கு விளையாடாதவர், அவ்வளவு தானேன்னு தோணும். அவங்க விதியை வாசிச்சா தெரியும். மெக்கானிக், கைவினைஞர், கூலித் தொழிலாளி யாரும் அமெச்சூர் கிடையாது. உடம்பால் உழைச்சுச் சாப்பிடுகிறவனுக்கு ஜென்டில்மேனோடு ஓட உரிமை இல்லை. ஒரு பைசா பரிசு வாங்கியிருக்கவே வேண்டாம், நீங்க கொத்தனார் என்பதே போதும், வெளியே போகலாம்.

வென்லாக் மைதானத்தில் ஓடினது யார்? அதே குவாரிக்காரன், அதே பண்ணைக் கூலி. லண்டன் கிளப்பின் விதி யாரை நோக்கி எழுதப்பட்டது என்று புரியுது இல்லையா.

தேசிய சங்கம் அதுக்கப்புறம் பெரிசா வளரலை. காசும் செல்வாக்கும் லண்டன் பக்கம் இருந்தது. 1880ல் வந்த புது தடகள சங்கம் அந்தத் தொழிலாளி தடையை நீக்கியது. ஆனா காசு வாங்கினால் வெளியே என்ற விதி ஒலிம்பிக்ஸுக்குள்ளும் போய் உட்கார்ந்தது. 1912ல் இரண்டு தங்கம் வென்ற ஜிம் தோர்ப், முன்பு கொஞ்ச சம்பளத்துக்கு பேஸ்பால் ஆடினார் என்பதற்காக அடுத்த வருஷமே பதக்கங்களை இழந்தார்.

ப்ரூக்ஸ் ஊரில் சும்மா இருக்கலை. பள்ளிக்கூடங்களில் உடற்பயிற்சியைப் பாடமாக்கணும்னு வருஷக்கணக்கா அரசுக்கு எழுதினார். வெறும் மனு கொடுத்தா யார் கேட்பாங்க? 1871ல் ஊர்ப் பள்ளிப் பையன்களை இரண்டு குழுவாப் பிரிச்சார். ஒரு குழுவுக்கு சாதாரண டிரில் மட்டும். இன்னொன்றுக்கு டிரிலோடு பார் கம்பி, தாண்டு குதிரை, அப்புறம் "இந்தியன் கிளப்". ஆறு மாசம் கழிச்சு மார்புச் சுற்றளவை அளந்து பார்த்தா, இரண்டாம் குழுவுக்குத் தான் அதிகம் கூடியிருந்தது.

இந்தியன் கிளப் என்றால் வேறு எதுவும் இல்லை, நம்ம கர்லாக்கட்டையின் தம்பி தான். இந்தியாவில் பயில்வான்கள் சுழற்றுவதைப் பார்த்து வெள்ளைக்கார ராணுவம் ஊருக்குக் கொண்டு போன சாமான், வென்லாக் பள்ளிப் பையன் கை வரைக்கும் போயிருக்கு. இன்றைய அளவுகோலில் இது குட்டியூண்டு ஆய்வு தான். சில பையன்கள், ஒரு டேப். ஆனா கண்ட்ரோல் குரூப் வைக்கணும்னு அந்த டாக்டருக்குத் தோணியிருக்கு பாருங்க.

கிரீஸ் பக்கமும் அவர் கண் இருந்தது. 1859ல் சப்பாஸ் என்ற கிரேக்கச் செல்வந்தர் கொடுத்த பணத்தில் ஏதென்ஸில் ஒரு ஒலிம்பிக் போட்டி நடந்தப்போ, வென்லாக்கில் இருந்து 10 பவுண்டு பரிசு போச்சு. 1877ல் கிரேக்க மன்னர் பதிலுக்கு ஒரு வெள்ளிக் கோப்பை அனுப்பினார். உலக நாடுகள் எல்லாம் கலந்துக்கிற ஒலிம்பிக் விழாவை ஏதென்ஸில் நடத்த இந்த டாக்டர் முயற்சி பண்றார்னு 1881லேயே கிரேக்கப் பத்திரிகையில் செய்தி வந்தது. கிரேக்க அரசு அசையலை.

1889ல் கூபர்டின், உடற்கல்வி பற்றித் தகவல் கேட்டு ஆங்கிலப் பத்திரிகைகளில் அறிவிப்பு கொடுத்தார். ப்ரூக்ஸ் கடிதம் போட்டார். 1890 அக்டோபரில் கூபர்டின் மச் வென்லாக்குக்கே வந்தார். விருந்தாளிக்கு வயசு 27, டாக்டருக்கு 81. அவருக்காகவே தனியா ஒரு போட்டி நடத்திக் காட்டினாங்க. ஊர்வலம், கொடி, ஜெயிச்சவன் மண்டியிட்டு ஒரு பெண் கையால் இலைக் கிரீடம் வாங்குவது எல்லாத்தையும் அவர் பார்த்தார். ஒரு ஓக் மரமும் நட்டார். ஊருக்குப் போய்தான் நான் முதலில் சொன்ன கட்டுரையை எழுதினார்.

1894ல் பாரிஸ் சோர்போன் மாநாட்டில் ஒலிம்பிக்ஸைத் திரும்பக் கொண்டு வர முடிவெடுத்தாங்க. ப்ரூக்ஸுக்கு அழைப்பு இருந்தது, உடம்பு முடியலை, போகலை. 1895 டிசம்பரில், 86 வயசில் இறந்தார். ஏதென்ஸ் போட்டி தொடங்கியது 1896 ஏப்ரலில். வெறும் நாலு மாசம்!

அந்தப் போட்டியில் மாரத்தான் ஜெயிச்சது ஸ்பிரிடான் லூயிஸ் என்ற கிரேக்கர். தண்ணீர் சுமந்து விற்கிற தொழிலாளி. லண்டன் கனவான்களின் பழைய விதிப்படி அவர் ஓடியிருக்கவே முடியாது.

கூபர்டின் மேல் எனக்குக் கோபம் எல்லாம் இல்லை. ப்ரூக்ஸ் இறந்தப்புறம் அவரைப் பற்றி ஆங்கிலப் பத்திரிகையில் தனிக் கட்டுரையே எழுதினார். ஒரு ஊர் விழாவை உலக விழாவாக்க ஒரு பிரபுவின் பணமும் பழக்கமும் தேவைப்பட்டது, அது உண்மை. ஆனா பிற்காலத்தில் கதை சொல்லும்போது டாக்டர் பெயர் மெல்ல மெல்லப் பின்னால் போயிடுச்சு. பாடப்புத்தகத்துக்கு வந்து சேரவே இல்லை.

எப்பவாவது அந்தப் பக்கம் போனா ஜூலையில் போங்க. வென்லாக் ஒலிம்பியன் போட்டி இன்றைக்கும் அந்த மாசத்தில் தான் நடக்குது. மியூசியத்தில் ஆரம்பிச்சு சுமார் 2 கிலோமீட்டர் நடை. வழி காட்ட தரையிலேயே வெண்கலத் தகடுகள் பதிச்சிருக்காங்க. ப்ரூக்ஸ் வீடு, எதிரே சர்ச், அங்கே அவர் கல்லறை. 1994ல் அப்போதைய ஒலிம்பிக் கமிட்டி தலைவர் சமராஞ்ச் வந்து மலர் வளையம் வச்ச இடம். லண்டன் 2012ன் ஒற்றைக்கண் பொம்மைச் சின்னத்துக்கு வென்லாக் என்று பேர் வச்சது ஏன்னு இப்ப உங்களுக்குத் தெரியும்.

கடைசியா மைதானத்துக்கு வந்தா கூபர்டின் நட்ட ஓக் நிற்கும். அதன் விதையில் வளர்த்த கன்றுகளை லண்டன் ஒலிம்பிக் பூங்காவில் நட்டிருக்காங்க.