மூழ்கிய கப்பல் மிதந்த கதை

விடுதியில் செஸ் ஆடும்போது, "தப்பா வச்சுட்டேன்டா, இந்த ஒரு தடவை விடு" என்று வெட்டுப்பட்ட காயைத் திரும்ப எடுத்து வைக்காதவர் நம்மில் யார்? அதே காரியத்தை ஒரு நாட்டின் கடற்படையும் செய்திருக்கிறது நண்பர்களே.

1942 மே மாதத் தொடக்கம். ஜப்பானில் நங்கூரமிட்டிருந்த யமாட்டோ போர்க்கப்பலில் அதிகாரிகள் வரைபடத்தை விரித்து வைத்துப் போர் விளையாட்டு ஆடினார்கள். மிட்வே தீவைப் பிடிக்கும் திட்டத்துக்கு அது ஒத்திகை. ஒரு பக்கம் ஜப்பான், எதிர்ப்பக்கம் அமெரிக்கா, நடுவில் நடுவர்கள். எத்தனை குண்டு பட்டது என்று தீர்மானிக்கப் பகடை.

மிட்வேயிலிருந்து வந்த விமானங்கள் ஜப்பானின் விமானந்தாங்கிக் கப்பல்களைத் தாக்குவதாக ஒரு கட்டம் வந்தது. பகடை போட்டதில் ஒன்பது குண்டுகள்! அகாகி, காகா இரண்டும் மூழ்கியாச்சு. தளபதி யமாமோட்டோவின் வலக்கையான உகாகிதான் அங்கே பெரிய நடுவர். ஒன்பதை மூன்றாகக் குறைக்கச் சொன்னார். அகாகி லேசான சேதத்தோடு பிழைத்தது. காகா மட்டும் மூழ்கியது. பிஜித் தீவுப் பக்கம் போகும் அடுத்த கட்ட ஆட்டத்தில் பார்த்தால், அந்தக் காகாவும் ஜம்மென்று வந்து நிற்கிறது! பகடை போட்ட ஓகுமியாவே பின்னாளில் புச்சிடாவுடன் சேர்ந்து எழுதிய புத்தகத்தில் இதைச் சொல்லியிருக்கிறார்.

உகாகியை எல்லோரும் திட்டுகிறார்கள். நியாயமாகப் பார்த்தால், நிஜச் சண்டையில் மிட்வேயிலிருந்து கிளம்பிய விமானங்களின் குண்டு ஒன்றுகூட அந்தக் கப்பல்கள்மேல் படவில்லை. என்னைக் கேட்டால், கோளாறு பகடையில் இல்லை, காய்களைப் பிரித்து வைத்ததில்தான். நகுமோவிடம் நான்கு விமானந்தாங்கிகள் முன்னால்; யமாமோட்டோவின் பெரிய கப்பல்கள் நூற்றுக்கணக்கான மைல் பின்னால்; இரண்டு சிறிய விமானந்தாங்கிகள் வடக்கே அலூஷியன் தீவுகளுக்கு. ஒருவருக்கு ஆபத்து என்றால் மற்றவர் ஓடிவர முடியாத தூரம். ஷோகாகுவுக்கு மே மாதப் பவளக்கடல் போரில் சேதம். ஜுய்காகுவுக்குக் கப்பல் நன்றாகவே இருந்தது, விமானங்கள்தான் போதவில்லை. ஒன்றின் விமானங்களை மற்றதில் ஏற்றி அனுப்புவது அவர்கள் வழக்கத்திலேயே இல்லை. இரண்டும் ஊரிலேயே நின்றுவிட்டன.

அமெரிக்கர் செய்ததைப் பாருங்கள். அதே போரில் அடிபட்ட யார்க்டவுன் மே 27 அன்று பெர்ல் துறைமுகத்துக்குத் தள்ளாடி வந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளிகள் இரவு பகலாக ஒட்டுப் போட்டார்கள். சரடோகா என்ற வேறு கப்பலின் விமானப் படையை அதில் ஏற்றினார்கள். 30ஆம் தேதி கிளம்பிவிட்டது!

ஜூன் 4 காலை, சில நிமிடங்களில் அகாகி, காகா, சோர்யு மூன்றும் பற்றி எரிந்தன. சோர்யுவை அடித்தவை யார்க்டவுனின் விமானங்கள். மாலையில் ஹிர்யு. மறுநாள் காலைக்குள் நான்கும் கடலுக்குள். ஜப்பான் தரப்பில் மட்டும் மூவாயிரத்துக்கு மேல் உயிர்கள். யார்க்டவுனும் ஜூன் 7 அன்று மூழ்கியது.

மேசைமேல் திரும்ப மிதந்த காகாவை, 2019இல் ஐந்து கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் கண்டுபிடித்தார்கள்.