போன பிறகு கிடைத்த தீர்ப்பு

பிரிட்டனில் புகலிடம் மறுக்கப்பட்டவர் கோரும் நீதிமுறை மறுஆய்வு, பெயரைக் கேட்டால் பெரிய கதவுபோலத் தோன்றும். நுழைந்து பார்த்தால் இடுக்கமானது. "இவர் ஊருக்குத் திரும்பினால் ஆபத்தா?" என்று அங்கே நீதிபதி கேட்பதில்லை. "ஆபத்தில்லை என்று உள்துறை அமைச்சர் முடிவெடுத்த விதம் சட்டப்படி சரியா?" என்றுதான் கேட்பார். வழக்கமாகப் பேசுவது மறுப்புக் கடிதமும் பிரமாணப் பத்திரங்களும்தான். அஞ்சியவர் வாய்திறந்து சாட்சி சொல்லும் இடமல்ல அது. இந்த இரண்டு கேள்விகளும் எவ்வளவு விலகி நிற்கின்றன என்பதை இலங்கைத் தமிழர் அறுவரின் வழக்கு காட்டிவிட்டது.

1987-இல் அவர்களது கோரிக்கையை உள்துறை அமைச்சர் மறுத்தார். இலங்கையில் நடந்த ராணுவ நடவடிக்கை விடுதலைப் புலிகளுக்கு எதிரானது, தமிழர் என்பதற்காக யாரும் துன்புறுத்தப்படவில்லை என்பது பிரிட்டிஷ் அரசின் வாதம். மேல்முறையீட்டு நீதிமன்றம் அறுவர் பக்கம் நின்றது: ஓரளவு துணிவுள்ள ஒருவர் அந்த நிலையில் அஞ்சியிருப்பார் என்றால் போதும் என்றது. அந்த ஆண்டு டிசம்பரில், அப்போது நாட்டின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை அதை மாற்றியது. அச்சத்துக்கு வெளியே சான்று வேண்டும், துன்புறுத்தல் நேர நியாயமான வாய்ப்பு இருக்க வேண்டும், அதை எடைபோடுவது அமைச்சரின் வேலை என்றது. 1988 பிப்ரவரியில் அறுவரில் ஐவர் இலங்கைக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர்.

விஷயம் அதோடு முடியவில்லை. 1971-ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டத்தில் இவர்களுக்கு மேல்முறையீடு இருந்தது. ஆனால் பிரிட்டனை விட்டு வெளியேறிய பிறகே அதைத் தொடுக்கலாம். எந்த மண்ணுக்கு அஞ்சினாரோ, அங்கே நின்றுகொண்டுதான் அச்சம் உண்மை என்று நிரூபிக்க வேண்டும்! 1989-இல் அந்த மேல்முறையீட்டை விசாரித்த நடுவர், ஐவரின் அச்சத்துக்கு ஆதாரம் இருந்தது, அவர்களைத் திரும்ப அழைத்துவர வேண்டும் என்று தீர்ப்பளித்தார். அவ்வாண்டே அவர்கள் மீண்டும் லண்டன் வந்தார்கள். நாட்டின் உச்ச நீதிமன்றம்வரை சென்ற மறுஆய்வு தராததை, உண்மையை நேரடியாக எடைபோட்ட கீழ்நிலை நடுவர் தந்தார்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. 1991-இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், நீதிமுறை மறுஆய்வே போதிய பரிகாரம் என்று பெரும்பான்மையாகத் தீர்ப்பளித்தது. உயிர் பணயமாக உள்ள முடிவுகளை ஆங்கில நீதிமன்றங்கள் மிகுந்த கவனத்துடன் அலசுகின்றன என்பது அதன் காரணம். ஐவரின் ஆபத்து மற்றத் தமிழரின் ஆபத்தைவிடக் கூடுதலல்ல என்றும் அது கருதியது. நடுவர் தவறியிருக்கலாம் என்று இதைக்கொண்டு வாதாடலாம். இருக்கட்டும். யார் சரி என்பதல்ல இங்கே கேள்வி. ஆபத்து உண்டா இல்லையா என்பதை விமானம் ஏறுமுன் சுதந்திரமான ஒருவர் விசாரித்தாரா என்பதே. வழக்குகள் குவியும், நாள் கடத்துவார்கள் என்ற கவலையிலும் நியாயம் உண்டு. அதற்கு மருந்து விரைவான விசாரணை, விசாரணையைத் தள்ளிப்போடுவதல்ல.

பிரிட்டிஷ் நாடாளுமன்றமே பின்னர் இதை ஏற்றுக்கொண்டதுபோல 1993-ஆம் ஆண்டுச் சட்டம், வெளியேற்றப்படும் முன்பே மேல்முறையீடு செய்யும் உரிமையைத் தந்தது. ஆனால் 2002-இல் 'அடிப்படையற்றது' என்று சான்றளிக்கப்பட்ட கோரிக்கைகளுக்கு அந்த உரிமை மீண்டும் நாட்டுக்கு வெளியே போனது. 2003-இல் அப்படிச் சான்றளிப்பதற்கான நாடுகளின் பட்டியலில் இலங்கையும் சேர்ந்து, 2006-இல் நீங்கியது. அப்படிச் சான்றளிக்கப்பட்டவருக்கு நாட்டுக்குள் எஞ்சிய வழி, பழைய மறுஆய்வுதான்.