பாரம் ஏறாத பாவைகள்

தூணில் நிற்கும் பெண்ணுக்கு மண்டபத்தின் பாரம் தெரியாது. சிங்கம்புணரியிலிருந்து திருப்பத்தூர் வழியாக வயிரவன்பட்டிக்கோ இரணியூருக்கோ போகிறவர்கள், அங்கே தூணோடு தூணாக நிற்கும் சிற்பங்களைப் பார்த்து, “எத்தனை காலமாக இந்தக் கல்மண்டபத்தைத் தாங்கிக்கொண்டு நிற்கிறாளோ!” என்று பரிவோடு சொல்வதைக் கேட்டிருக்கிறேன். பரிவு நல்லதுதான். ஆனால் அவள் எதையும் தாங்கவில்லை. நம் சிற்பிகள் அவளைத் தாங்கவிடவில்லை.

கல்மண்டபத்தில் பாரம் இறங்கும் வழி ஒன்றுதான். கூரையில் பாவிய பலகைக்கல்லின் எடை உத்திரத்தில் இறங்குகிறது. உத்திரம் போதிகையில் உட்காருகிறது. போதிகை அதைத் தூணின் உடலுக்குள் செலுத்துகிறது. கருங்கல் அமுக்கத்துக்கு அசையாது, வளைவுக்கு மட்டும் அஞ்சும். உத்திரம் நடுவில் விரிசல் விடாமலிருக்கத்தான் போதிகையை இருபுறமும் கை நீட்டவைத்தார்கள். அந்தக் கையின் முனையில் பூ தொங்குவதும் நாணல் போல வளைவதும் அழகுக்கு, நீட்டியிருப்பது கணக்குக்கு. இந்த வழியில் பெண் எங்கே நிற்கிறாள் என்று பார்க்க வேண்டும். தூணின் முன்பக்கத்தில் நிற்கிறாள். அவளும் தூணும் ஒரே கல். சிற்பி முன்பாதியில் உருவத்தைக் குடைந்தெடுத்துவிட்டு, பின்பாதியைப் பட்டையும் சதுரமுமாகத் தூணாகவே விட்டுவைக்கிறான். எடை அந்தப் பின்பாதி வழியே நேராகத் தரைக்குப் போய்விடுகிறது. அவள் கொண்டையின்மேல் எதுவும் வந்து உட்காருவதில்லை.

சோதனை வேண்டுமென்றால் மூளியான சிற்பங்களைப் பாருங்கள். விரல் போனவள், மூக்கு போனவள், கை முழங்கையோடு போனவள் என்று நாயக்கர் காலத்து மண்டபங்களில் எத்தனையோ பேர். மண்டபம் ஒரு நூலளவும் இறங்கியதில்லை.

இதைச் சொல்லக் காரணம், உலகில் வேறோரிடத்தில் பெண்ணின் தலைமேலேயே கட்டடத்தை ஏற்றினார்கள் என்பதுதான். ஏதென்ஸ் அக்ரோபோலிஸ் குன்றின்மேல் எரெக்தியம் என்ற கோயில் கி.மு. 421-க்கும் 406-க்கும் இடையில் எழுந்தது. அதன் தென்பக்கத்துச் சிறு முகமண்டபத்துக்குத் தூணே கிடையாது. ஆறு கன்னியர் நிற்கிறார்கள். அவர்கள் தலைமேல் கூரை. இத்தகைய பெண் தூண்களைக் காரியாடிட் என்பார்கள். ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் இதற்கு ஒரு கதை சொன்னார். காரியே என்ற ஊர் பாரசீகரோடு சேர்ந்து கிரேக்கருக்குத் துரோகம் செய்ததாம். அதற்குத் தண்டனையாக அவ்வூர்ப் பெண்களைச் சுமை சுமக்கும் கோலத்தில் கல்லில் வடித்தார்களாம். கதைக்குச் சுவை உண்டு, கணக்கு உதைக்கிறது. பாரசீகப் படையெடுப்பு கி.மு. 480-ல். டெல்பியில் சிப்னோஸ் தீவினர் கட்டிய கருவூலத்தில் பெண் தூண்கள் அதற்கு அரை நூற்றாண்டு முன்பே, ஏறத்தாழ கி.மு. 525-லேயே நின்றுவிட்டன. எரெக்தியத்தின் கட்டுமானச் செலவுக் கல்வெட்டிலும் துரோகம், தண்டனை பற்றிய பேச்சில்லை. அது அவர்களை ‘கன்னியர்’ என்று குறித்துவிட்டுப் போகிறது.

அந்தக் கிரேக்கச் சிற்பிகளின் சாமர்த்தியத்தைக் குறைத்துச் சொல்வதற்கில்லை. பெண்ணுருவில் மிக மெலிந்த இடம் கழுத்து. எடை ஏறினால் முறிகிற இடமும் அதுவே. ஆகவே பிடரியில் அடர்ந்த கூந்தலைப் பின்னித் தொங்கவிட்டுக் கழுத்தைப் பருக்கவைத்தார்கள். ஊன்றி நிற்கும் காலின்மேல் ஆடை மடிப்புகளை நேர்கோடாக இறக்கினார்கள். பார்த்தால் வரியோடிய தூண்போல இருக்கும். அலங்காரம் என்று நாம் நினைப்பது அங்கே பொறியியல்.

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எல்ஜின் என்ற பிரிட்டிஷ் பிரபுவின் ஆட்கள் அந்த ஆறு பேரில் ஒருத்தியைப் பெயர்த்து லண்டனுக்குக் கொண்டுபோனார்கள். அவள் நின்ற இடத்தில் செங்கல்லால் ஒரு முட்டுக் கட்ட வேண்டியிருந்தது. அவள் உண்மையிலேயே சுமந்துகொண்டிருந்தாள். மற்ற ஐவரையும் காற்று மாசுக்கு அஞ்சி 1979-ல் அருங்காட்சியகத்துக்குள் கொண்டுபோனார்கள். இன்று குன்றின்மேல் நிற்பவை நகல்கள். லண்டன் போனவள் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறாள். அதே மியூசியத்தில் நம் நாட்டுப் பெண் ஒருத்தியும் உண்டு. ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் சாஞ்சித் தோரணத்தில், உத்திரத்தின் முனைக்கடியில் மரக்கிளையைப் பற்றிச் சாய்ந்து நின்ற யட்சி அவள். உத்திர முனையை அவள்தான் தாங்குகிறாள் என்று தோன்றும்படி வைத்திருந்தார்கள். ஆனால் சாஞ்சித் தோரணங்களில் இப்படிப்பட்ட யட்சியர் பலர் காணாமல் போயும் உத்திரங்கள் அவர்களைத் தேடவில்லை. இருவரும் ஊரைவிட்டுப் போனவர்கள்தான். ஒருத்தி போன இடத்தில் செங்கல் முட்டு, இன்னொருத்தி போன இடத்தில் வெறும் வெளி. இரண்டு கட்டடக் கலைகளின் வேறுபாடு எனக்கு இதைவிடத் தெளிவாக வேறெங்கும் விளங்கியதில்லை.

சாஞ்சியின் வழி பிற்காலத்திலும் தொடர்ந்தது. 1117-ல் போசள மன்னன் விஷ்ணுவர்த்தனன் எடுப்பித்த பேலூர்க் கோயிலில் மதனிகைகள், 1213-ல் காகதீயர் காலத்தில் எழுந்த பாலம்பேட்டை ராமப்பா கோயிலில் கருநிறக் கல்லில் வடித்த பெண்ணுருவங்கள், எல்லாருமே தூணுக்கும் கொடுங்கைக்கும் நடுவே சாய்ந்து, தாங்குவதுபோல் பாவனை செய்பவர்கள்.

அப்படியானால் தமிழ்க்கோயிலில் சுமப்பது யார்? பல்லவர் காலத்திலேயே அதற்கு ஆள் நியமித்துவிட்டார்கள். மாமல்லபுரத்தில் திரௌபதி ரதம் என்று நாம் அழைக்கும் கொற்றவை கோயிலைச் சுற்றி வாருங்கள். அடித்தளத்தைச் சிங்கமும் யானையும் மாறிமாறி முதுகில் ஏந்துகின்றன. வாயிலின் இருபுறமும் பெண்கள் காவல் நிற்கிறார்கள். வேலைப் பிரிவினை அன்றே முடிந்துபோன விஷயம். காஞ்சிக் கைலாசநாதர் கோயிலில் எழுந்து நிற்கும் சிங்கங்கள்மேல் தூண்கள். கூரை விளிம்பின் கீழே பூதகணங்கள் வரிசையாக, தொந்தியும் குட்டைக் காலுமாக. அவற்றின் முகத்தில் ஒரு சுளிப்பும் கிடையாது, பாதிக்குமேல் சிரித்துக்கொண்டுதான் இருக்கின்றன. விஜயநகர, நாயக்கர் காலத்தில் யாளித் தூண்கள் பெருகின. பாரத்துக்கு விலங்கும் பூதமும், மங்கலத்துக்குப் பெண். கோபுர வாயில் நிலைகளில் கொடிப்பெண் கொடியைப் பிடித்திருக்கிறாள். அவள் கையிலிருந்து அது சுருள்சுருளாக மேலேறுகிறது. தூண்களில் விளக்கு ஏந்திய பாவை இருக்கிறாள், கிளியோடு பேசுகிறவளும் கண்ணாடி பார்க்கிறவளும் இருக்கிறார்கள். மதுரைப் புதுமண்டபத்தில் திருமலை நாயக்கரின் (1623–1659) தேவியர் கைகூப்பி நிற்கிறார்கள். கையிலோ தலையிலோ சுமை இருந்தால் இவர்களில் ஒருத்திக்கும் தன் வேலை நடக்காது.

நகரத்தார் திருப்பணி செய்த ஒன்பது கோயில்களில் இரண்டு, இரணியூரும் வயிரவன்பட்டியும், சிங்கம்புணரிக்கு எட்டும் தொலைவில் இருக்கின்றன. இரணியூரில் அம்பாள் சந்நிதி முன்னே ஒன்பது தேவியர் தூண்களில் எழுந்தருளியிருக்கிறார்கள். அங்கே வழிபாட்டுக்குரிய தேவியரையே தூணில் வைத்திருக்கிறார்கள். தேவி தலையில் உத்திரத்தை ஏற்ற எந்த ஸ்தபதிக்கு மனம் வரும்? வயிரவன்பட்டித் தூண்களைப் பார்க்கிறவர்கள் முகத்தோடு நின்றுவிடாமல் பக்கவாட்டில் போய் நின்று, உருவத்தின் முதுகு தூணோடு சேரும் இடத்தைப் பார்க்க வேண்டும். கல்லை எங்கே விட வேண்டும், எங்கே எடுக்க வேண்டும் என்ற தீர்மானம் முழுவதும் அந்த இடுக்கில் தெரியும்.

வீட்டிலும் இதே ஒழுங்குதான். செட்டிநாட்டு வீட்டின் வளவு என்னும் உள்முற்றத்துத் தூண்களில் பர்மாத் தேக்கும் உண்டு, கருங்கல்லும் உண்டு; பெண்ணுருவத் தூண் வழக்கமில்லை. ஐரோப்பியப் பாணியை முகப்பில் தாராளமாக வரவேற்றவர்கள், சிப்பாயையும் சிறகு முளைத்த குழந்தையையும்கூடச் சுதையில் செய்துவைத்தவர்கள், காரியாடிட்டை மட்டும் வளவுக்குள் விடவில்லை. வீட்டின் உச்சியில் கஜலட்சுமியை அமர்த்திவிட்டார்கள். ‘வீட்டைத் தாங்கியவர்கள் ஆச்சிகள்தாமே’ என்று இந்த இடத்தில் ஒரு வரி சேர்க்கத் தோன்றும். மேடைக்குக் கைதட்டல் கிடைக்கும். தூணைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

சிங்கம்புணரித் தேரும் இந்த மரபில்தான் வருகிறது. மரத்தேரில் அச்சுக்கு மேலே வரும் கீழ்த்தட்டுக்குத் தச்சர் வழக்கில் பூதப்பார் என்று பெயர். வைகாசித் தேரோட்டத்தன்று தேங்காய்கள் சிதறும் நடுவே சேவுகப்பெருமாள் அய்யனார் தன் தேவியர் பூரணை, புஷ்கலையோடு தேரின் மேலே வருகிறார். அடியில் பூதம், மேலே தேவியர்.

தமிழ்ச் சிற்பத்தில் பெண் சுமக்கவே இல்லையா என்றால், ஒருத்தி இருக்கிறாள். திருநெல்வேலியை அடுத்த கிருஷ்ணாபுரத்து வெங்கடாசலபதி கோயிலில் ஒரு தூணில் குறத்தி ஒருத்தி இளவரசன் ஒருவனைத் தோளில் தூக்கிக்கொண்டு போகிறாள். இன்னொரு தூணில் குறவன் ஓர் இளவரசியைத் தூக்கிப்போகிறான். குறவன் தூக்கியதற்குக் குறத்தியின் பதிலா இது என்று சிரிப்பவர்கள் உண்டு. நடையின் வேகத்தில் அவள் உடல் முறுகியிருக்கிறது, தோளில் இருப்பவன் எடை அந்த முறுக்கில் தெரிகிறது. மண்டபத்தின் எடையைப் பற்றி அவளுக்குக் கவலையில்லை. அது அவள் முதுகுக்குப் பின்னால் இருக்கும் கல்லின் பொறுப்பு.