எம்டனும் செண்பகராமனும்

தென்காசிக்கு மேற்கே ஐந்து கல் தொலைவில் செங்கோட்டை இருக்கிறது. குற்றாலச் சாரலுக்கு வருவோர் பலரும் அறிந்த ஊர். 1956-ஆம் ஆண்டில்தான் அது சென்னை இராஜ்யத்துடன் இணைந்தது. அதற்கு முன் திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்தது. 1911-இல் மணியாச்சியில் ஆஷ் துரையைச் சுட்ட வாஞ்சிநாதன் அவ்வூரினர். அதே சமஸ்தானத்தின் தலைநகரான திருவனந்தபுரத்தில், 1891-இல், ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர் செண்பகராமன் பிள்ளை. ஒருவர் சொந்த மண்ணிலேயே துப்பாக்கி ஏந்தினார். மற்றவரோ ஐரோப்பாவில் ஆங்கிலேயரின் பகைவரைத் துணைக்கொண்டார்.

அன்பர்களே, சூழ்ச்சி மிக்கவனை 'எம்டன்' என்று நாம் சொல்வதுண்டு. 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைக் குண்டுவீசி எரித்த ஜெர்மானியக் கப்பலின் பெயர் அது. அதில் செண்பகராமன் வந்தார் என்ற கதை ஊர்தோறும் வழங்குகிறது. கேட்க இனிக்கத்தான் செய்கிறது! ஆனால் எம்டன் அவ்வாண்டு ஜூலை இறுதியில் சீனக் கரையிலுள்ள சிங்தாவிலிருந்து புறப்பட்ட கப்பல். செண்பகராமனோ அந்நாளில் ஸ்விட்ஸர்லாந்தின் சூரிச் நகரில் இந்திய ஆதரவுக் குழுவொன்றை நிறுவிக்கொண்டிருந்தார். இரண்டிடத்தில் ஒருவர் இருத்தல் இயலாது.

அவருடைய மெய்யான சோதனை கடலில் அன்று, பெர்லினில் நிகழ்ந்தது. ஜெர்மானிய அரசின் உதவியுடன் இயங்கிய இந்தியக் குழுவில் அவர் பணியாற்றினார். 1915 டிசம்பர் 1-இல் ராஜா மகேந்திர பிரதாப் காபூலில் அமைத்த தற்காலிக அரசில் வெளிநாட்டு மந்திரி என்றும் பெயர் பெற்றார். ஆளுவதற்கு ஓர் அடி நிலமும் இல்லாத மந்திரிப் பதவி அது. போரில் ஜெர்மனி தோற்றது. ஆயினும் அவர் அங்கேயே தங்கி, ஜெர்மன் தேசிய மக்கள் கட்சியைச் சார்ந்து நின்றார். ஆங்கிலேயரை வெறுப்போர் இந்தியாவுக்கு நண்பராவர் என்று அவர் நம்பினார் போலும்.

ஹிட்லரோ, 1926-இல் வெளிவந்த தம் நூலின் இரண்டாம் பகுதியில், இந்தியா பிறர் கைக்குப் போவதைவிட ஆங்கிலேயரிடம் இருப்பதே மேல் என்ற கருத்தை ஒளிக்காமல் எழுதியிருந்தார். அத்தகையவர் 1933 ஜனவரியில் பிரதமரானபோது அவருடன் கூட்டுச் சேர்ந்து மந்திரிசபையில் அமர்ந்தது அதே தேசிய மக்கள் கட்சி! அடுத்த மாதம் ஜெர்மன் பாராளுமன்றக் கட்டடம் தீப்பற்றியது. அதைத் தொடர்ந்து, தலைச்சேரியைச் சேர்ந்த இடதுசாரிப் பத்திரிகையாளர் நம்பியார் பெர்லினில் சிறைப்பட்டார். ஹிட்லர் இந்தியரை இழித்துரைத்ததைச் செண்பகராமன் கண்டித்தார் என்றும், அதனால் நாஜிகளின் பகைக்கு ஆளானார் என்றும் அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர். 1934 மே மாதத்தில் அவர் பெர்லினிலேயே மறைந்தார்.

தம் அஸ்தி கரமனை ஆற்றிலும் நாஞ்சில் நாட்டு வயல்களிலும் சேரவேண்டுமென்பது அவர் விருப்பம். மனைவி லட்சுமிபாய் அதை முப்பது ஆண்டுகளுக்கு மேல் காத்து வைத்திருந்தார். 1966-இல் சுதந்திர இந்தியாவின் போர்க்கப்பலான 'டெல்லி' அதைக் கொச்சிக்குக் கொண்டுவந்தது.