ஓடாத குதிரைக்குக் கூட்டம் சேர்த்தவர்

குதிரை என்று சொன்னாலே நம் ஊர்ப் பெரியவர்களுக்குப் பந்தயம்தான் ஞாபகம் வரும். ஓடணும், முந்தணும், காசு வரணும். டிரெஸாஜ் குதிரை ஓடாது. 60 மீட்டர் நீளமும் 20 மீட்டர் அகலமும் உள்ள மணல் களத்துக்குள்ளேயே நடக்கும், திரும்பும், குறுக்கே நகரும், நின்ற இடத்திலேயே கால் மாற்றி மாற்றித் தூக்கி வைக்கும். மேலே இருப்பவர் எதுவும் செய்யாத மாதிரி உட்கார்ந்திருப்பார். உண்மையில் அவருடைய இடுப்பும் கெண்டைக்காலும் விரல்களும் ஓயாமல் குதிரையோடு பேசிக்கொண்டிருக்கும். அந்தப் பேச்சு வெளியே தெரிந்தால் மதிப்பெண் போச்சு.

இதை யார் வந்து பார்ப்பார்கள்? நெதர்லாந்தைச் சேர்ந்த யூப் பார்டெல்ஸ் பிடித்துக்கொண்ட கேள்வி இதுதான். கலைஞர்களைப் பற்றி எழுத நமக்கு ஆள் இருக்கிறது, மேடை போட்டவர்களைப் பற்றி எழுதத்தான் ஆள் இல்லை. இலக்கியக் கூட்டத்துக்கு மண்டபம் பிடித்து, நாற்காலி அடுக்கி, வந்த ஏழு பேருக்கும் தேநீர் கொடுத்த யாரையாவது உங்களுக்குத் தெரிந்திருந்தால் பார்டெல்ஸையும் புரிந்துகொள்வீர்கள்.

டிரெஸாஜ் நெடுங்காலம் ராணுவத்தின் சொத்தாக இருந்தது. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற ஸ்வீடன் அணியிடமிருந்து மறு வருடம் அந்தப் பதக்கம் பறிக்கப்பட்டது. அணியில் இருந்த கெனால் பெர்சன் உண்மையில் அதிகாரி இல்லை, வெறும் சார்ஜெண்ட். போட்டிக்காகத் தற்காலிகமாகப் பதவி உயர்த்தப்பட்டவர் என்பதுதான் காரணம். குதிரை எப்படி நடந்தது என்று யாரும் கேட்கவில்லை. 1952இல்தான் பெண்களுக்கும் அதிகாரி அல்லாதவர்களுக்கும் கதவு திறந்தது. அப்புறமும் போட்டியின் சுபாவம் மாறவில்லை. ஒருவர் பின் ஒருவராக வந்து எல்லாரும் அதே அசைவுகளை அதே வரிசையில் செய்வார்கள், நடுவர்கள் ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு இத்தனை என்று போடுவார்கள். தெரிந்தவர்களுக்கு அது விருந்து. தெரியாதவர்களுக்கு மூன்றாவது குதிரையிலேயே கொட்டாவி வந்துவிடும்.

தடை தாண்டும் போட்டிக்கு 1979இலேயே உலகக் கோப்பை வந்துவிட்டது. அங்கே கட்டை விழுந்தால் குழந்தைக்கும் புரியும். டிரெஸாஜுக்கும் அப்படி ஒரு கோப்பை வேண்டும் என்று பார்டெல்ஸ் கிளம்பினார். 1985-86 பருவத்தில் அது தொடங்கியது. முதல் இறுதிச்சுற்று அவருடைய பிரபாண்ட் மாநிலத்திலேயே, டென் போஸ் நகரில். (ஓவியர் ஹிரோனிமஸ் போஸ் பிறந்த ஊர், பெயரையே அங்கிருந்துதான் எடுத்துக்கொண்டார்.) மார்சாக் என்ற குதிரையில் வந்த டென்மார்க்கின் ஆன் கிரேத்தே யென்சன் வென்றார்.

இதில் கோப்பையைவிடப் பெரிய விஷயம் இசைதான். 'கூர்' என்பார்கள். கட்டாய அசைவுகள் இருக்கும், ஆனால் வரிசையை வீரரே அமைக்கலாம், பாட்டும் அவர் தேர்வு. மதிப்பெண்ணில் பாதி நுட்பத்துக்கு, பாதி கலைக்கு. பலர் நினைப்பதுபோல் குதிரை பாட்டைக் கேட்டு ஆடுவதில்லை. முதலில் குதிரையின் நடையைப் படம் பிடித்து, நிமிடத்துக்கு எத்தனை அடி என்று எண்ணுவார்கள். அந்தத் தாளத்துக்குத்தான் இசை தேடப்படும், இல்லையென்றால் புதிதாக அமைக்கப்படும். பாட்டுதான் குதிரைக்குப் பின்னால் நடக்கிறது.

பழமைவாதிகளுக்குப் பிடிக்கவில்லை. சர்க்கஸ் ஆக்கிவிட்டார்கள் என்றார்கள். எனக்கு இதில் முழு ஒப்புதல் இல்லை, முழு மறுப்பும் இல்லை. கைதட்டல் கூடும்போது கால் இன்னும் உயரமாகத் தூக்கச் சொல்லும் ஆசையும் கூடத்தான் செய்யும். குதிரையின் கழுத்தை நெஞ்சு வரை மடக்கிப் பழக்கும் முறை பெரிய சர்ச்சையாகி, வலுக்கட்டாயமாக அப்படிச் செய்வதை ஏற்க முடியாது என்று சர்வதேசக் கூட்டமைப்பு 2010இல் சொல்ல வேண்டிவந்தது. அந்தப் பழியை இசையின் மேல் போடுவது சோம்பேறித்தனம். ஆனால் கூட்டம் கூட்டுகிறவர், கூடிய கூட்டம் எதற்குக் கைதட்டுகிறது என்பதையும் பார்க்கத்தான் வேண்டும்.

இருந்தாலும் 2014 டிசம்பரில் லண்டனில் வலேக்ரோ செய்த கூரைக் கைப்பேசியில் பார்த்தபோது என் வாதமெல்லாம் கொஞ்ச நேரம் வாயடைத்துப் போனது. 94.3 சதவீதம். எனக்கு அந்த விளையாட்டின் ஒரு விதிகூட அன்று தெரியாது. பார்டெல்ஸ் நாற்காலி போட்டது என்னை மாதிரி ஆளுக்குத்தான்.

அவருடைய மனைவி தினேக்கேயும் டிரெஸாஜ் வீராங்கனைதான். 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் நெதர்லாந்து அணியோடு வெள்ளி வாங்கினார். அங்கே இசை கிடையாது, பழைய மௌனம்தான். நான்கு வருடம் கழித்து அட்லாண்டாவில் அதே அணிக்கு மறுபடி வெள்ளி, அவரும் அதில் இருந்தார். தனிநபர் போட்டியின் கடைசி நாளில், ஒலிம்பிக் களத்தில் முதல் தடவையாக, ஒலிபெருக்கியில் பாட்டு ஓடியது.